தடத்தை விட்டு இறங்கும் முன்: மதுரையிலிருந்து பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு

மதுரைக்காரருக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வண்டி இருக்கையின் மேல் படிந்திருக்கும் ஈரம்தான். புல்நுனியில் நிற்பதும் பனி, அதிகாலையில் வைகைப் பாலத்தில் எதிரே வரும் விளக்கை மங்கச் செய்வதும் பனி, இமயத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதும் நம் பேச்சில் அதே பனி. மழைக்குத் தூறல், சாரல், அடைமழை, கோடைமழை என்று நாம் வைத்திருக்கும் பெயர்களில் பல தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது. வானத்தைப் பார்த்தவுடனே துணியை எடுக்கலாமா, இன்னும் நேரமிருக்கிறதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பனியைப் பற்றி அப்படிச் சொல்ல நம் வீடுகளில் எவரும் இல்லை. செங்குத்தான பனிமலைச் சாய்வில் தடம் விட்டு இறங்க நினைக்கும் மதுரைக்காரருக்கு முதல் ஆபத்து இந்த இல்லாமைதான். கால் வழுக்குவதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிறது.

காஷ்மீரத்துக் குல்மார்க்குக்கும் உத்தராகண்டத்து ஔலிக்கும் போய் ஒரு வாரம், இரண்டு வாரம் பயிற்சி எடுத்துத் திரும்பும் இளைஞர்களை இப்போது நம் ஊரிலும் பார்க்க முடிகிறது. அவர்களில் சிலர் இரண்டாவது முறை போகும்போது கொடி நட்ட தடத்தில் சறுக்குவது சலித்துப்போய், கயிற்றுக்கு அப்பால் யாரும் தொடாமல் கிடக்கும் வெண்மையின் மேல் கண்வைக்கிறார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கலந்து ‘ஆஃப்-பீஸ்ட்’ என்று சொல்லப்படுவது அதுதான். இக்கட்டுரை அவர்களுக்கானது. ஸ்கீ என்னும் சறுக்குக் கட்டைகளை அணிந்து நிற்கவே இன்னும் கற்காதவர்கள் முதலில் குல்மார்க்கில் உள்ள இந்தியப் பனிச்சறுக்கு மலையேற்ற நிறுவனத்திலோ ஔலியிலோ அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு, அடுத்த குளிர்காலத்தில் இதைப் படித்தால் போதும்.

ஒரு சொல்லைப் பற்றி முன்கூட்டியே தெளிவுபடுத்திவிடுகிறேன். ‘சரிவு’ என்ற சொல் தமிழில் மலையின் சாய்ந்த பக்கத்தையும் குறிக்கும், அது உடைந்து கீழே வருவதையும் குறிக்கும். குழப்பம் வேண்டாம் என்பதற்காக, மலையின் பக்கத்தைச் சாய்வு என்றும், பனி உடைந்து பாய்வதைப் பனிச்சரிவு என்றும் எழுதுகிறேன்.

தடம் எங்கே முடிகிறது

குல்மார்க் புல்வெளி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டரில் இருக்கிறது. ஊட்டியின் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதாவது, தமிழ்நாட்டில் நாம் ஏறி நிற்கக்கூடிய மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தில்தான் அங்கே பயணமே தொடங்குகிறது. அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவடப் பெட்டி, முதல் கட்டமாகக் கோங்டூரிக்கும், இரண்டாம் கட்டமாக அஃபர்வத் மலையின் தோள்பட்டைக்கும், அதாவது 3,900 மீட்டருக்கும் மேலே, ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறது. முதல் கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் இயங்கத் தொடங்கின.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவின் பெரிய பனிச்சறுக்கு ஊர்களில் மலை முழுவதும் சமன்செய்யப்பட்ட தடங்கள் வலைபோல் ஓடும். குல்மார்க்கில் சமன்செய்யப்பட்ட தடம் பெரும்பாலும் கீழ்ப்பகுதியோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் கட்டத்தின் உச்சியில் இறங்கியவருக்குக் கண்ணெதிரே இருப்பது ஏறக்குறைய முழுவதும் இயற்கையான மலைதான். கோண்டோலாவுக்கு நேர் கீழே உள்ள குடைவான பகுதியைப் பனிச்சறுக்குக் காவல் குழுவினர் கவனித்து, ஆபத்து இல்லை என்று கருதும் நாளில் திறக்கிறார்கள், மற்ற நாளில் மூடுகிறார்கள். அதன் இருபுறமும் எல்லைக்கு அப்பால் உள்ள மலைக்குப் பொறுப்பாளர் எவரும் கிடையாது. பயணச்சீட்டு ஒன்றுதான், பெட்டி ஒன்றுதான். இறங்கி இருபதடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் நீங்கள் காவலுக்குள் இருந்து காவலுக்கு வெளியே போய்விட்டீர்கள். அதை உணர்த்த அங்கே ஒரு கயிறோ பலகையோ இருக்கலாம், பனியில் புதைந்தும் இருக்கலாம்.

2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தின் ஹாப்பத்குட் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று அதே மலைத்தொகுதியில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் இறந்தார். பனியிலேயே வளர்ந்த தேசங்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். 2010 பிப்ரவரியில் குல்மார்க்கில் உள்ள இராணுவ உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியின் வீரர்கள் மீது சரிந்த பனி, பதினைந்து பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. பயிற்சி காப்பாற்றும் என்பது உண்மைதான், ஆனால் பயிற்சி மட்டுமே காப்பாற்றும் என்று எண்ணுபவர்கள் இந்த மூன்று நாட்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மொட்டைமாடிப் படிக்கட்டும் ஜவ்வரிசியும்

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய இரண்டு பாடங்கள் உள்ளன. அவற்றை விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள்.

முதல் பாடம் கோணம். பலகைபோல் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடைப்பட்ட சாய்வுகளில்தான் தொடங்குகின்றன. அதிலும் 35 முதல் 40 வரையிலான பகுதி மிகவும் மோசமானது. முப்பதுக்குக் கீழே பனிக்குப் பெயர்ந்து ஓடும் உந்துதல் குறைவு. ஐம்பதைத் தாண்டினால் பனி தங்காமல் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுகிறது. நடுவில் உள்ள இந்தக் கோணங்களே சறுக்குவதற்கும் மிகவும் இன்பமானவை என்பதுதான் சங்கடம். 35 டிகிரி என்றால் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், உங்கள் வீட்டு மொட்டைமாடிப் படிக்கட்டைப் பாருங்கள். ஏழு அங்குல ஏற்றமும் பத்து அங்குல மிதியும் உள்ள படிக்கட்டின் சாய்வு சரியாக 35 டிகிரி. கட்டட வேலை நடக்கும் தெருவில் லாரி கொட்டிவிட்டுப் போன மணற்குவியலின் பக்கத்தில் ஒரு குச்சியைச் சாய்த்து, அதன் மேல் கைப்பேசியை வைத்துக் கோணம் அளந்தால் முப்பதை ஒட்டி வரும். ஒத்தக்கடைப் பக்கம் போகும்போது யானைமலையின் விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து முதலில் மனத்துக்குள் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு கைப்பேசியின் ஓரத்தை அந்த விளிம்போடு ஒட்டிப் பிடித்து அளந்து பாருங்கள். ஐந்து டிகிரிக்குள் சரியாகச் சொல்லும் வரையில் இதைத் தொடருங்கள். பாறையின் மேல் ஏறி அளக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது பாடம் அடுக்கு. மணல் சரியும்போது மணியும் மணியுமாக உதிர்கிறது. ஆளைக் கொல்லும் பனிச்சரிவு அப்படி வருவதில்லை. மேலே உள்ள இறுகிய பனி, ஒரு தெரு அகலமோ ஒரு மைதான அகலமோ உள்ள பலகையாக ஒரே நொடியில் கீறல் விட்டுப் பெயர்கிறது. காரணம், அதன் அடியில் ஒட்டும் தன்மை இல்லாத ஒரு நலிந்த அடுக்கு இருப்பதுதான். இதை அடுக்களையில் பார்க்கலாம். ஓர் அகலமான பலகையின் மேல் சாக்கை இழுத்துக் கட்டி, அதன் மேல் அரிசிமாவை இரண்டு விரற்கிடை உயரத்துக்கு உள்ளங்கையால் அழுத்திப் பரப்பி, ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். கணிசமான சாய்வு வரை மாவு நிற்கும். பிறகு மாவை இரண்டு அடுக்காகப் பிரித்து, நடுவில் ஜவ்வரிசியை ஒரு மணி கனத்துக்கு மட்டும் தூவி, அதே போல் உயர்த்துங்கள். முன்பைவிட மிகக் குறைந்த சாய்விலேயே மேல் அடுக்கு முழுசாக வழுக்கி வருவதைக் காண்பீர்கள். சரிவதற்குச் சற்று முன்பாக மேல்மாவை ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். அந்த விரல்தான் பனிச்சறுக்குபவர். உயிர்ப்பலி கொண்ட பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை, சிக்கியவரோ அவருடைய கூட்டாளியோ கொடுத்த அழுத்தத்தாலேயே உடைந்தவை. தாமாக வந்து விழுந்தவை குறைவு.

அந்த ஜவ்வரிசி மலையில் எப்படி உருவாகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக விழுந்து, அதன் பிறகு பல நாட்கள் வானம் வெளுத்திருந்தால், தரை ஓரளவு வெப்பமாகவும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கும். இடையில் உள்ள நீராவி மேல்நோக்கி நகரும்போது பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய குருணைகளாக மாறிவிடுகின்றன. கையில் அள்ளினால் சீனியைப் போல் உதிரும். காஷ்மீரத்தில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களை சில்லை கலான் என்கிறார்கள். நம் மார்கழியின் முதல் வாரத்தில் தொடங்கித் தையின் நடுப்பகுதி வரை நீளும் கடுங்குளிர்ப் பருவம் அது. அந்தக் காலத்தில் மேற்கத்தியக் கலக்கங்கள் எனப்படும், மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல்கள் கொண்டுவரும் பெரும்பனி, அந்தச் சீனி அடுக்கின் மேல் ஒரே இரவில் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று ஏறி உட்காரும். மேலிருந்து பார்த்தால் மாசுமறுவற்ற மெத்தை. அடியில் ஜவ்வரிசி. வாரக்கணக்கில் அது அப்படியே இருக்கக்கூடும் என்பதால், “பனி விழுந்து நான்கு நாள் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை” என்ற பேச்சை அப்படியே நம்பக்கூடாது.

உடம்பைத் தயார் செய்தல்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சறுக்கும்போது தொடைதான் உழைக்கிறது, அதுவும் இறங்கும்போது தடுக்கும் வேலையை. ஆகவே, ஏறுவதைவிட இறங்குவதைப் பழக வேண்டும். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறி, முழங்காலைச் சற்று மடக்கியபடி மெல்ல இறங்கி வருவதை வாரம் இருமுறை மூன்று மாதம் செய்தால் வித்தியாசம் தெரியும். களைத்த கால்தான் மாலையில் தவறான இடத்தில் விழும்.

உயரத்தை மட்டும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டரைச் சற்றே தாண்டிய ஊரில் வாழ்ந்துவிட்டு, விமானத்தில் ஸ்ரீநகர் போய், மறுநாளே நாலாயிரம் மீட்டரை நெருங்கும் இடத்தில் நின்றால், அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு இங்கே கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். தலைவலி, குமட்டல், நிதானம் தவறுதல் ஆகியவை வரலாம். மூன்றாவதை நாமே கண்டுபிடிக்க முடியாது என்பதால் அதுவே மிகவும் ஆபத்தானது. குல்மார்க்கிலேயே இரண்டு இரவுகளாவது தங்கி, கீழ்த்தடங்களில் சறுக்கிய பிறகே இரண்டாம் கட்டத்துக்குச் செல்லுங்கள்.

மூன்று கருவிகளும் வைகை மணலும்

தடத்துக்கு வெளியே போகும் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருட்கள் இருக்க வேண்டும்: டிரான்ஸீவர், புரோப் எனப்படும் மடக்குத் துழாவுகோல், உலோகத் தகடுள்ள ஷவல் என்னும் மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றவை. டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் துடிப்பை அனுப்பும். கூட்டாளி புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தத் துடிப்பைத் தேடிப் போவார்கள். எந்த நிறுவனத்துக் கருவியாக இருந்தாலும் அலைவரிசை ஒன்றே. வாடகைக்கு எடுப்பதானால் மூன்று ஆண்டெனா உள்ள டிஜிட்டல் வகையைக் கேட்டு வாங்கி, புதிய அல்கலைன் பேட்டரியை உங்கள் கையாலேயே போடுங்கள்.

நீங்கள் எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும் உங்களைக் காப்பாற்றப் போவது உங்கள் கருவி அல்ல, உங்கள் கூட்டாளியின் பழக்கம். ஸ்விட்சர்லாந்தில் திரட்டப்பட்ட பழைய விபத்துக் கணக்குகளின்படி, முழுவதும் புதைந்தவர்களில் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் ஆனபோது அது பத்துக்கு மூன்றாகச் சுருங்கியது. அந்தக் கால்மணி நேரத்துக்குள் ஹெலிகாப்டரோ காவல் குழுவோ வந்து சேராது. உங்களோடு சறுக்கியவர் மட்டுமே அங்கே இருப்பார். ஆகவே, குழுவாகப் போகிறவர்கள் ஊரிலேயே பழகிவிட்டுப் போக வேண்டும். அதற்கு நம்மிடம் பனி இல்லை, மணல் இருக்கிறது. (வைகையில் மணல் எங்கே மிச்சமிருக்கிறது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே, ஆனாலும் ஒரு பையைப் புதைக்குமளவுக்கு இருக்கிறது.)

நாங்கள் செய்வது இப்படித்தான். சோழவந்தானை ஒட்டி நீர் ஓடாத காலத்தில் ஆற்றுக்குள் இறங்கி, ஐம்பது மீட்டர் நீளமும் அகலமும் உள்ள ஓர் இடத்தை அடையாளம் வைத்துக்கொள்வோம். ஒருவர் டிரான்ஸீவரை இயக்கி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே ஒரு பழைய சாக்கை மடித்து வைத்து ஒரு முழ ஆழத்தில் புதைப்பார். எவர்சில்வர் சம்புடத்தில் வைத்தால் உலோகம் அலையை அடைத்துவிடும். முதல் நாள் அப்படிச் செய்துவிட்டு, கருவி பழுது என்று அரைமணி நேரம் வாதாடிய கூட்டம் எங்களுடையது. புதைத்த இடம் தெரியாத மற்றொருவர் நேரத்தைக் குறித்துக்கொண்டு தேடத் தொடங்குவார். முதலில் அலை கேட்கும் வரை வேகமாக ஓட வேண்டும். அலை கிடைத்ததும் அம்புக்குறியையும் குறைந்துகொண்டே வரும் எண்ணையும் தொடர வேண்டும். மூன்று மீட்டருக்குள் வந்தவுடன் வேகத்தை அறவே குறைத்து, கருவியைத் தரையோடு தரையாகப் பிடித்து, கருவியைத் திருப்பாமல் சிலுவைபோல் முன்பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தி, எண் மிகக் குறைவாக இருக்கும் புள்ளியைக் குறிக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் தவறுவது இந்தக் கடைசி மூன்று மீட்டரில்தான். பதற்றத்தில் கை ஆட, எண் குதிக்க, அவர்கள் சுற்றிச்சுற்றி வருவார்கள்.

பிறகு துழாவுகோலைச் சாய்வுக்குச் செங்குத்தாக இறக்கி, கிட்டவில்லையானால் ஒரு சாண் இடைவெளியில் வட்டமாக விரித்துக்கொண்டே போக வேண்டும். சாக்கில் கோல் படும்போது கைக்கு வரும் அந்த மெத்தென்ற எதிர்ப்பை நினைவில் பதித்துக்கொள்ளுங்கள். தொட்ட கோலை உருவக்கூடாது. தோண்டுவதைக் கோலுக்கு நேர் மேலிருந்து தொடங்கவும் கூடாது. ஆழம் எவ்வளவோ அதைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் இறக்கப்பக்கமாகத் தள்ளி நின்று, கிடைவாட்டில் குடைந்து செல்ல வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ளவரை எடுக்க ஒரு டன்னுக்குக் குறையாத பனியை நகர்த்த வேண்டியிருக்கும். பனிச்சரிவில் வந்து நின்ற பனி, நாம் நினைக்கும் பஞ்சுப் பனி அல்ல, காரை போல் இறுகிவிட்டிருக்கும். கையாலோ ஸ்கீயாலோ அதைத் தோண்ட முடியாது. ஆற்று மணலில் பத்து நிமிடம் முழுமூச்சாக ஷவல் போட்டுப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்றுப்பை முதுகுப்பைகள் பற்றிக் கேட்கிறார்கள். இழுத்தவுடன் உப்பி, ஆளைப் பனியின் மேற்பரப்புக்கு அருகில் வைத்திருக்க அவை உதவுகின்றன. மரத்திலும் பாறையிலும் மோதுவதை அவை தடுப்பதில்லை. பனிச்சரிவுச் சாவுகளில் ஒரு கணிசமான பங்கு மூச்சுமுட்டலால் நேர்வதில்லை, அடிபட்டே நேர்கிறது. பணம் மிச்சமிருந்தால் வாங்குங்கள், அதை நம்பி மலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வழிகாட்டியும் மொழியும்

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் தடத்தை விட்டு இறங்குவதில்லை என்று முதல் மூன்று குளிர்காலங்களுக்காவது உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். பேசும்போது விலையை மட்டும் கேட்காமல், புதைந்தவரைத் தேடுவதை எங்கள் முன்னால் ஒருமுறை செய்துகாட்ட முடியுமா, எந்த நிலையில் எங்களைத் திருப்பி அழைத்து வருவீர்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு “கவலையே வேண்டாம், எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

நம்மவர்களுக்கு மொழி தனி ஆபத்து. சாய்வின் மேல் நின்று வழிகாட்டி கத்துவது உருது கலந்த இந்தியில் இருக்கும். காற்றிரைச்சலில் பாதி கேட்காது. இடப்பக்கத்துக்கு ‘பாயேன்’, வலப்பக்கத்துக்கு ‘தாயேன்’ என்பார்கள். இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் நமக்குக் கட்டாயம் குழம்பும். காலையிலேயே கைச்சைகைகளை முடிவுசெய்துகொள்ளுங்கள். சறுக்கும்போது ஊன்றும் கைக்கோலால் காட்டும் திசை எப்போதும் போக வேண்டிய திசையாகவே இருக்க வேண்டும், ஆபத்து இருக்கும் திசையைக் காட்டக்கூடாது என்பது மலையில் பொதுவாக உள்ள வழக்கம். ‘ருக்கோ’ என்றால் நிற்க வேண்டும். அதை மட்டுமாவது தூக்கத்திலும் புரியும்படி பழகுங்கள். இன்னொன்று: வெளி மாநிலத்துப் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு உள்ள கைப்பேசி குழுவில் குறைந்தது இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

காலையில் எடுக்க வேண்டிய முடிவு

பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரப்படுத்தி எச்சரிக்கை வெளியிடுவார்கள். நம் நாட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் உள்ள புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. பேரிடர் மேலாண்மைத் துறை வழியாகவும் செய்தி வரும். மூன்று என்ற எண்ணைப் பார்த்ததும் நடுத்தரம் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளி மதிப்பெண் போல ஐந்துக்கு மூன்று அல்ல அது; ஒவ்வொரு படியிலும் ஆபத்து பலமடங்காகிறது, உயிரிழப்புகளில் பெரும்பகுதி மூன்றாம் நிலையில்தான் நிகழ்ந்திருக்கிறது. நான்கிலும் ஐந்திலும் மக்கள் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். மூன்றில் வெயில் அடிக்கும், மலை அழகாக இருக்கும்.

எச்சரிக்கை அறிக்கை ஒரு முழு மலைத்தொடருக்கானது. உங்கள் முன்னால் இருக்கும் சாய்வைப் பற்றி நீங்களேதான் பார்க்க வேண்டும். கடந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் முழங்கால் அளவுக்குப் புதிய பனி விழுந்திருக்கிறதா? பலமான காற்று மேட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டியிருக்கிறதா? அருகில் அதே திசையை நோக்கிய சாய்வில் புதிதாகப் பனி உடைந்த வடு தெரிகிறதா? காலடியில் பனி ‘வும்ப்’ என்று அமுங்கும் ஓசை கேட்கிறதா, ஸ்கீயின் முனையிலிருந்து கீறல் ஓடுகிறதா? கடைசி இரண்டில் எது நேர்ந்தாலும் அன்றைய பேச்சு முடிந்தது. அது ஜவ்வரிசி அடுக்கு உடைந்த ஓசை. மார்ச் மாதத்தில் இவற்றோடு வெயிலும் சேர்கிறது. நண்பகலில் நனைந்து கனக்கும் பனி ஈரச்சரிவாக வரும் என்பதால், வெயில் படும் சாய்வுகளை முற்பகலிலேயே முடித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே பத்துப் பேர் சறுக்கிய கோடுகள் தெரிவதால் அந்தச் சாய்வு உறுதியானது என்று ஆகாது. பலகை எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. பதினோராவது ஆள் அது மெலிந்திருக்கும் இடத்தை மிதிக்கலாம். என்னுடைய மூன்றாவது குளிர்காலத்தில் வழிகாட்டி எங்களை ஒரு மேட்டின் விளிம்பு வரை அழைத்துப்போய், குனிந்து பனியைக் கையால் பிசைந்து பார்த்துவிட்டு, வேண்டாம், திரும்புவோம் என்றார். ஓராண்டுச் சேமிப்பைச் செலவழித்துப் போயிருந்த எங்களுக்குக் கோபம். நாங்கள் தயங்கி நிற்கும்போதே வேறொரு குழுவினர் இருவர் அதே சாய்வில் பாய்ந்து இறங்கி, கீழே நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அந்தச் சாய்வு அன்றும் உடையவில்லை, மறுநாளும் உடையவில்லை. வழிகாட்டி சொன்னது சரியா, மிகையான பயமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. மலை தவறு செய்தவரை உடனே தண்டிப்பதில்லை என்பதால், இருபது முறை தப்பியவர் தன்னைத் திறமைசாலி என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். கையசைத்த அந்த இருவர் அன்று என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதைத்தான் நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன்.

சாய்வில் நிற்கும்போது

டிரான்ஸீவரை விடுதி அறையிலேயே இயக்கி, மேற்சட்டைக்கு உள்ளே உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். பையில் வைத்தால் பை போகும்போது அதுவும் போய்விடும். கைப்பேசி அதிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், தேடும்போது அணைத்தே விடுங்கள். இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒருவர் கருவியை மற்றவர் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே சாய்வில் இருக்க வேண்டும் என்பது மீறக்கூடாத விதி. மற்றவர்கள் பாதுகாப்பான மேட்டிலோ பாறை முதுகிலோ நின்று, சறுக்குபவரைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். பனி பெயர்ந்தால் அவர் கடைசியாகத் தெரிந்த புள்ளியிலிருந்துதான் தேடல் தொடங்கும். கைக்கோலின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள், ஏனென்றால் சரிவில் அது நங்கூரம் போல் ஆளை உள்ளே இழுக்கும். பானையின் வயிறு போல் புடைத்து மடியும் இடங்களில் பனிப்பலகை இழுபட்டு நிற்கிறது. அங்கே நின்று கூடிப் பேச வேண்டாம். சாய்வின் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். விரிந்த சமவெளி இருந்தால் சிறு சரிவு இடுப்பளவோடு நின்றுவிடலாம். ஒடுங்கிய ஓடை இருந்தால் அதே பனி அதற்குள் நிரம்பி மூன்று ஆள் ஆழமாகிவிடும். சிறுமலை ஓடைகளில் மழைநீர் எப்படி எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே இடத்துக்கு வந்து சேருமோ, பனியும் அப்படித்தான். ஓய்வெடுக்க ஓடைப்பள்ளம் காற்றுப்படாமல் இதமாக இருக்கும், அங்கே உட்காராதீர்கள்.

பனி பெயர்ந்துவிட்டால் உரக்கக் கத்துங்கள், மற்றவர்கள் பார்க்கட்டும். வேகம் இருந்தால் நேராகக் கீழே ஓடாமல் சாய்வாகப் பக்கவாட்டில் வெளியேறப் பாருங்கள். முடியாவிட்டால் கோல்களை உதறிவிட்டு, காற்றுப்பை இருந்தால் இழுத்துவிட்டு, மேலே இருக்கப் போராடுங்கள். வேகம் குறைவதை உணர்ந்தவுடனே ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் செய்துகொள்ளுங்கள். நின்ற பிறகு விரலைக்கூட அசைக்க முடியாது. வெளியே இருப்பவர்கள் மீண்டும் சரிவு வராது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, உடனே தேடத் தொடங்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் உதவிக்கு ஓடக்கூடாது, தேட வேண்டும். கூடுதலாக ஆள் இருந்தால் ஒருவர் 112க்கும் காவல் குழுவுக்கும் அழைக்கட்டும்.

பனிச்சரிவு தவிர்ந்த ஆபத்துகளும் உண்டு. டிசம்பரில் பனி மெல்லியதாக இருக்கும்போது அதற்கடியில் பாறை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். ஊசியிலை மரங்களின் அடியில், கிளைகள் மறைத்த பனி நிரம்பாத குழிகளில் தலைகீழாக விழுபவர்கள் மீள முடியாமல் மூச்சுத்திணறிப் போவதுண்டு. மேகம் இறங்கினால் மேலும் கீழும் ஒரே வெண்மையாகி, நின்றுகொண்டிருக்கிறோமா நகர்கிறோமா என்பதே தெரியாமல் போகும். காலையில் உறைந்து இறுகிய செங்குத்துச் சாய்வில் விழுந்தவர், அடியில் உள்ள பாறை வரை நிற்காமல் வழுக்கிக்கொண்டே போவார்.

புறப்படும் முன் விடுதியில் எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தை, அதைத் தமிழில் விளக்கக்கூடிய ஒருவரோடு உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். பனிச்சறுக்கை ஏற்கும் பல திட்டங்கள் தடத்துக்கு வெளியே நேர்வதை ஏற்பதில்லை, அது சிறிய எழுத்தில்தான் இருக்கும். ஊர் திரும்பியதும் டிரான்ஸீவரிலிருந்து பேட்டரிகளை எடுத்துவிட்டு, கருவியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் கிடக்கும் பேட்டரி கசிந்து முனைகளை அரித்துவிடும். அடுத்த டிசம்பரில் அதைத் திறந்து பார்க்கும்போது மாற்றுக் கருவி தேட நேரம் இருக்காது.